பிளாக்பர்ன் 2012-13: ஒரே சீசனில் ஐந்து மேனேஜர்கள்

ஜனவரி 6, மாலை 6.15 (கேள்வி)

மேனேஜரை மாற்றிக்கொண்டே இருந்தால் அணி நாசமாகிவிடும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறீர்கள். இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப் பிளாக்பர்ன் ரோவர்ஸ் 2012-13 சீசனில் நான்கு பேரை மாற்றியது. ஆனாலும் கீழ் அடுக்கு லீக்குக்கு இறங்கவில்லை, 17-ஆவது இடத்தில் தப்பித்துவிட்டது. அப்படியென்றால் மாற்றியதில் என்ன தப்பு? சரியான ஆள் கிடைக்கும்வரை மாற்றிப் பார்ப்பதுதானே புத்தி? அந்த சீசனை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு 10.40

நான் பார்த்திருக்கிறேன். 2011 செப்டம்பர் முதல் 2013 கோடை வரை பக்கத்து ஊரான பிரஸ்டனில் படித்தேன். அங்கிருந்து ரயில் ஏறினால் பாம்பர் பிரிட்ஜ், செர்ரி ட்ரீ தாண்டி மில் ஹில். இறங்கி நடந்தால் பிளாக்பர்னின் மைதானம், ஈவுட் பார்க். டிக்கெட்டுக்குக் காசு சேர்ந்த வாரமெல்லாம் போய்விடுவேன்.

முதலில் கணக்கு. நான்கு பேர் இல்லை தம்பி, ஐந்து பேர். நாற்காலி கைமாறியதோ ஐந்து முறை. சீசனைத் தொடங்கியவர் ஸ்டீவ் கீன். செப்டம்பர் 28-ஆம் தேதி அவர் விலகினார். உதவியாளர் எரிக் பிளாக் ஒரு மாதம் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டார். அக்டோபர் 31-ல் ஹென்னிங் பெர்க் வந்தார், டிசம்பர் 27-ல் அனுப்பப்பட்டார். ரிசர்வ் அணியின் பயிற்சியாளர் கேரி போயர் சில வாரம் தாங்கிப் பிடித்தார். ஜனவரி 11-ல் மைக்கேல் ஆப்பிள்டன் வந்து, மார்ச் 19-ல் போனார். மறுபடியும் போயர்.

தப்பித்தது உண்மைதான். ஆனால் மாற்றியதால் தப்பித்தது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடைசியில் காப்பாற்றியவர் முதல் நாளிலிருந்தே அந்தக் கட்டடத்துக்குள் இருந்தவர். நாளை விவரமாக எழுதுகிறேன்.

ஜனவரி 7, காலை

இந்த சீசனைப் புரிந்துகொள்ள இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

பிளாக்பர்ன் சாதாரணக் கிளப் இல்லை. 1888-ல் லீக் தொடங்கியபோது இருந்த பன்னிரண்டு கிளப்களில் ஒன்று. ஜாக் வாக்கர் என்ற உள்ளூர் இரும்பு வியாபாரி தன் பணத்தைக் கொட்டி, கென்னி டால்கிளிஷை மேனேஜராகக் கூட்டிவந்து, ஆலன் ஷியரரை வாங்கி, 1995-ல் பிரீமியர் லீக் கோப்பையையே கொண்டுவந்தார். கடைசி நாளில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் தோற்றும், மான்செஸ்டர் யுனைடெட் வெஸ்ட் ஹாமில் சமன் செய்ததால் ஒரே ஒரு புள்ளியில் பட்டம். வாக்கர் 2000-ல் இறந்துபோனார். மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது, முதல் தடவை போனபோது அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

அவர் விட்டுப்போன அறக்கட்டளையிடமிருந்து 2010 நவம்பரில் 23 மில்லியன் பவுண்டுக்குக் கிளப்பை வாங்கியது புனேயின் வெங்கிஸ் நிறுவனம். கோழிப் பண்ணை, குஞ்சு பொரிப்பகம், தீவனம் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 13-ஆம் தேதி மேனேஜர் சாம் அலர்டைஸை நீக்கினார்கள். அணி அப்போது 13-ஆவது இடத்தில் இருந்தது. அந்த அணிக்கு அது நல்ல இடம். பயிற்சியாளராக இருந்த கீனுக்குப் பொறுப்பு போனது. அந்த சீசனின் கடைசி நாளில் வுல்வ்ஸ் மைதானத்தில் 3-2 என்று ஜெயித்துத்தான் பிழைத்தார்கள். பிறகு ஃபில் ஜோன்ஸ் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். அடுத்த குளிர்காலத்தில் கிறிஸ் சாம்பாவும் ரஷ்யாவுக்குப் போய்விட்டார்.

2012 மே 7. விகனுக்கு எதிரான ஆட்டம். அன்று நான் அங்கே இருந்தேன். யாரோ ஒரு கோழியைக் கிளப் கொடியில் சுற்றிக் கொண்டுவந்து மைதானத்துக்குள் விட்டுவிட்டார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஆத்தா வீட்டில் கோழி வளர்ப்பார். கோழி மிரண்டுவிட்டால் சில சமயம் ஓடாது, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு அடி வைக்கும், நிற்கும், மறுபடி ஒரு அடி வைக்கும். அதுவும் அப்படித்தான் நின்றது, நீல வெள்ளைத் துணியோடு, விளக்கு வெளிச்சத்துக்கு நடுவில். அன்று விகன் 1-0 என்று ஜெயித்தது. பிளாக்பர்ன் பிரீமியர் லீக்கை விட்டு இறங்கியது.

மறுநாளே இன்னொன்று வெளியே வந்தது. கீனை நீக்குங்கள், ரசிகர்களை இழந்துவிடாதீர்கள் என்று துணைத் தலைமை நிர்வாகி பால் ஹன்ட் பல மாதங்களுக்கு முன்பே முதலாளிகளுக்கு எழுதிய கடிதம். கடிதம் வெளியானதும் ஹன்ட் வேலையை இழந்தார். கீன் இருந்தார்.

ஜனவரி 7, மதியம்

"வெங்கி" என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே என்னிடம் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் தெரியுமா? ரிவர்சைடு ஸ்டாண்டில் எனக்குப் பக்கத்தில் வழக்கமாக ஒரு பெரியவர் உட்காருவார். வயது எழுபதுக்கு மேல். முதல் நாளே என்னைத் திரும்பிப் பார்த்து, "அவர்களை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது ஐயா என்றேன். "வெங்கடேஸ்வரா" என்ற பெயரின் சுருக்கம் அது, எங்கள் பக்கத்தில் மலைமேல் இருக்கும் பெருமாளின் பெயர், ஜனங்கள் நடந்தே ஏறுவார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படியானால் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டக் கூடாது" என்றார். அதன்பிறகு அவர் வாயில் அந்தப் பெயரை நான் கேட்கவே இல்லை. "முதலாளிகள்" என்றுதான் சொல்வார்.

அந்த ஊரில் இந்திய, பாகிஸ்தான் பூர்வீகக் குடும்பங்கள் ஏராளம். மைதானத்தில் மட்டும் நம் முகங்கள் குறைவு. அந்த வருடங்களில் ஈவுட் பார்க்கில் இந்திய முகத்தோடு உட்கார்ந்திருப்பது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஒருவரும் என்னை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஜனவரி 8

ஷெபி சிங்கை மறந்துவிட்டீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மறப்பேனா!

அந்நாளில் ஈஎஸ்பிஎன் ஸ்டார் ஸ்போர்ட்ஸில் பிரீமியர் லீக் பார்த்தவர்களுக்கு, இந்தியாவாக இருந்தாலும் மலேசியா, சிங்கப்பூராக இருந்தாலும், ஷெபி சிங் வீட்டு மனிதர் மாதிரி. மலேசிய தேசிய அணியின் முன்னாள் தடுப்பாட்டக்காரர். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து படபடவென்று பேசுவார். எங்கள் விடுதியில் அவர் பேச்சைக் கேட்கவே பத்து நிமிடம் முன்னதாக டிவி முன்னால் உட்காரும் கூட்டம் இருந்தது. 2012 ஜூலையில் அவர் பிளாக்பர்னின் "உலகளாவிய ஆலோசகர்" ஆகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நம் பக்கத்து ஆள் ஒருவர் இங்கிலாந்துக் கிளப்பின் உள்ளே போய் உட்காருகிறார் என்று அறைத்தோழர்களிடமெல்லாம் சொன்னேன்.

அந்தச் சந்தோஷம் செப்டம்பர் வரைதான். ரசிகர்களோடு நடந்த ஒரு கூட்டத்தில் அவர் மனம்விட்டுப் பேசியது வெளியே வந்துவிட்டது. தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் கீன் போய்விடுவார் என்றார். பெடர்சனை ஓய்வூதியக்காரர் என்றார். அந்த பெடர்சன்தான் அணியில் பல வருடம் உழைத்தவர். டிவியில் இதையே சொல்லியிருந்தால் நாங்கள் கைதட்டியிருப்போம். கிளப்புக்குள் இருந்துகொண்டு சொன்னால் அது வேறு. மறுநாள் பயிற்சிக்கு வரும் மேனேஜர் என்ன முகத்தோடு வீரர்கள் முன்னால் நிற்பார்?

ஷெபி சிங் 2022 ஜனவரியில் காலமானார். அவரைக் குற்றவாளியாக்க நான் இதை எழுதவில்லை. அவருக்குக் கொடுத்த பதவிக்கு எல்லை எது என்று யாரும் வரைந்து கொடுக்கவில்லை, அதுதான் என் குறை.

ஜனவரி 9

"கீன் விலகியபோது அணி மேல் வரிசையில்தானே இருந்தது, ஏன் விலகினார்?" நல்ல கேள்வி. சாம்பியன்ஷிப்பை, அதாவது இரண்டாம் அடுக்கு லீக்கை, நன்றாகத்தான் தொடங்கினார்கள். ஜோர்டன் ரோட்ஸை ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து 8 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியிருந்தார்கள். இரண்டாம் அடுக்கில் அது பெரிய தொகை. அவரும் வந்த நாளிலிருந்து கோல் அடித்தார். ஆனாலும் ரசிகர்கள் கீனை மன்னிக்கவில்லை. அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே அவரைப் போகச் சொல்லிக் கோஷம் எழும். கத்தியவர்களில் நானும் உண்டு. செப்டம்பர் 28 வெள்ளிக்கிழமை இரவு, மறுநாள் சார்ல்ட்டனில் ஆட்டம், விலகல் அறிக்கை வந்தது. விலகும்படி தள்ளப்பட்டேன் என்ற தொனி அதில் இருந்தது.

இன்று யோசித்தால் அந்தக் கோஷத்தில் சேர்ந்தது உறுத்துகிறது. கீன் மேல் கோபம் நியாயம்தான், அணியை இறக்கியவர் அவர். ஆனால் அவரை அந்த இடத்தில் உட்காரவைத்தது அவர் இல்லை. கோபம் எட்டக்கூடிய தூரத்தில் அவர் ஒருவர்தான் நின்றார். முதலாளிகள் புனேயில் இருந்தார்கள்.

(சிங்கப்பூர்க்காரர்களுக்கு: கீன் பிறகு புருனேயின் டிபிஎம்எம் அணிக்குப் போய், 2015-ல் உங்கள் எஸ்-லீக் பட்டத்தை வென்றாரே, அதே கீன்தான்.)

ஜனவரி 10

பெர்க் பற்றி நிறைய எழுத ஆசை, ஆனால் அவருக்குக் கிடைத்ததே 57 நாள்.

1995-ல் பட்டம் வென்ற அணியின் தடுப்பாட்டக்காரர். யுனைடெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிவந்து, 2002-ல் லீக் கோப்பையும் வென்றவர். அவர் பெயரை அறிவித்ததும் பக்கத்து இருக்கைப் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம பையன்" என்றார். நார்வேக்காரரை!

பத்து ஆட்டம், ஒரே வெற்றி, அதுவும் பீட்டர்பரோவில். கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள் நீக்கிவிட்டார்கள். மூன்று வருட ஒப்பந்தம் போட்டு வந்தவர்! ஒரு மேனேஜர் புது அணிக்கு வந்தால் முதல் மாதம் யார் யாருக்கு என்ன கால் என்று பழகுவதற்கே போய்விடும். வீரர்களை வாங்கி விற்கும் சந்தை ஜனவரியில்தான் திறக்கும். அது திறக்க ஐந்து நாள் இருக்கும்போது அனுப்பினார்கள். பெர்க் நன்றாக நடத்தினார் என்று நான் சொல்லவில்லை. அந்த டிசம்பரில் நான் பார்த்த ஆட்டங்கள் மோசமானவை, பந்து நடுவரிசையைத் தாண்டவே மாட்டேன் என்றது. ஆனால் அவர் நல்லவரா கெட்டவரா என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 11, அதிகாலை

முதல் நாள் "டிசம்பர் 27-க்குப் பிறகு போயர் தாங்கிப் பிடித்தார்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். அது அநியாயம். அந்த இரண்டு வாரத்தில்தான் வீரர்கள் தலை நிமிர்ந்ததை மைதானத்தில் பார்த்தேன். பார்ன்ஸ்லிக்குப் போய் 3-1 என்று ஜெயித்தார்கள். அப்போதே அவரை வைத்துக்கொண்டிருக்கலாம். பெயர் போதவில்லை என்று நினைத்தார்களோ என்னவோ.

ஜனவரி 12

ஆப்பிள்டன். இந்த மனிதர் அந்த ஒரே சீசனில் மூன்று கிளப்களில் மேனேஜர். சீசனைத் தொடங்கியது போர்ட்ஸ்மத்தில். நவம்பரில் பிளாக்பூல், அங்கே 65 நாள். ஜனவரியில் பிளாக்பர்ன், இங்கே 67 நாள். பிளாக்பூலுக்கும் பிளாக்பர்னுக்கும் நடுவில்தான் பிரஸ்டன் இருக்கிறது, அதனால் எங்கள் ஊர் வழியாகத்தான் அவர் வாழ்க்கை அங்கும் இங்கும் போய்வந்தது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

அவர் காலத்தில்தான் அந்த சீசனின் மிக நல்ல நாளும் வந்தது. பிப்ரவரி 16, எஃப்ஏ கோப்பை, ஆர்சனல் மைதானம். லண்டன் போகக் காசில்லை. ரேடியோ லங்காஷயரை வைத்துக்கொண்டு சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். 72-ஆவது நிமிடம், காசிம்-ரிச்சர்ட்ஸ் அடித்தது சரியாகக் காலில் படவில்லை, தரையில் குத்தி எழும்பி உள்ளே போனது. வர்ணனையாளர் கத்தியதில் என்ன நடந்தது என்றே எனக்கு முதலில் புரியவில்லை. 1-0. மேனேஜர் வெங்கர் ஆர்சனலுக்கு வந்ததிலிருந்து அந்தக் கோப்பையில் கீழ் அடுக்கு அணியிடம் தோற்றதே இல்லை. முதல் தடவை தோற்கடித்தது பிளாக்பர்ன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

காலிறுதியில் மில்வால். அவர்கள் மைதானத்தில் 0-0. மறு ஆட்டம் ஈவுட் பார்க்கில், டேனி ஷிட்டு தலையால் முட்டி 1-0. அரையிறுதிக்கு வெம்ப்ளி போகும் கனவு போயிற்று. அந்தத் தோல்வியோடு ஆப்பிள்டனை நீக்கிவிட்டார்கள்.

ஜனவரி 13

திருத்தம். நேற்று எழுதிய கடைசி வரி தப்பு. மில்வால் தோல்வி மார்ச் 13. நீக்கியது மார்ச் 19. இடையில் மார்ச் 17 ஞாயிற்றுக்கிழமை பர்ன்லி ஆட்டம் இருந்தது. இதைப் போய் எப்படி விட்டேன் என்று தெரியவில்லை, அன்று என் காலில் டீ கொட்டியது.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: பர்ன்லிக்கும் பிளாக்பர்னுக்கும் இடையே பகை நூறு வருடத்துக்கு மேற்பட்டது. இரண்டு ஊருக்கும் நடுவே பத்து மைல் அளவுதான் இருக்கும். 1979-க்குப் பிறகு அன்றுவரை பர்ன்லி பிளாக்பர்னைத் தோற்கடித்ததில்லை. அந்த டிசம்பரிலும் பர்ன்லி மைதானத்தில் 1-1.

இந்த முறை பர்ன்லியின் ஷாக்கெல் முதலில் அடித்துவிட்டார். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. தொண்ணூறு நிமிடம் முடிந்து கூடுதல் நேரம். பெரியவர் ஆட்டத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். பிளாஸ்கைத் திறந்து, மூடியில் டீ ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூடியின் ஓரத்தில் பல் பட்டுத் தேய்ந்த இடம்கூட எனக்கு நினைவிருக்கிறது. 95-ஆவது நிமிடம். கோல் முன்னால் கும்பல், பந்து எங்கே என்றே தெரியவில்லை, டேவிட் டன் காலை நீட்டினார். டன் அந்தப் பக்கத்துப் பையன், கிரேட் ஹார்வுட்டில் பிறந்தவர், ரோவர்ஸில் வளர்ந்தவர். முப்பத்து மூன்று வயது. கோல்!

மூடி பறந்தது. டீ முழுவதும் என் ஷூவில். பெரியவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே "யார் அடித்தது? யார் அடித்தது?" என்று கேட்கிறார். அவர் பார்க்கவில்லையே! டன் என்றேன். அவர் கண்ணில் தண்ணீர்.

1-1தான். வெற்றிகூட இல்லை. அதற்கே அப்படி.

இரண்டு நாள் கழித்து ஆப்பிள்டன் இல்லை.

ஜனவரி 14

"ஒரு சமநிலைக்கு இவ்வளவு அழுகையா" என்று கேட்டவருக்கு: அடுத்த வருடம் மார்ச்சில் பர்ன்லி ஈவுட் பார்க்கில் வந்து 2-1 என்று ஜெயித்தது. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு. அப்போது நான் ஊருக்கு வந்துவிட்டேன். பெரியவர் அன்று எப்படி வீட்டுக்குப் போனாரோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஜனவரி 15

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான இடம்.

பெர்க்குக்கு ஒப்பந்தப்படி மீதிக் காலச் சம்பளம் கொடுக்க வேண்டும். 2.25 மில்லியன் பவுண்ட். கொடுக்கவில்லை, அவர் வழக்குப் போட்டார். முதலில் கிளப், ஆமாம் கடன்பட்டிருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டது. பிறகு அந்த ஒப்புதலைத் திரும்பப் பெறப் பார்த்தது. என்ன காரணம் சொன்னார்கள் தெரியுமா? அந்த ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து வைக்க நிர்வாக இயக்குநர் டெரெக் ஷாவுக்கு அதிகாரமே இல்லை, முதலாளிகளுக்குத் தெரியாமல் நடந்தது என்றார்கள். 2013 வசந்தத்தில் நீதிபதி அதை ஏற்கவில்லை, பணத்தைக் கட்டச் சொன்னார்.

சட்டத்தை விடுங்கள். அந்த வாதத்தையே பாருங்கள். ஒரு கிளப் நீதிமன்றத்தில் போய், எங்கள் நிர்வாக இயக்குநர் எங்கள் மேனேஜருக்கு என்ன கையெழுத்துப் போட்டார் என்று எங்களுக்குத் தெரியாது என்று சொல்கிறது. நான் மைதானத்தில் இரண்டு வருடமாகப் பார்த்துக் குழம்பிய எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வாதத்தில் பதில் இருந்தது. ஷா ஒரு பக்கம், ஷெபி சிங் ஒரு பக்கம், முதலாளிகள் புனேயில். மேனேஜர் யாரிடம் போய்க் கேட்பார்? ஒருவர் வேலைக்கு எடுக்கிறார், இன்னொருவர் அனுப்புகிறார்.

எனக்கு இது வேறு வழியில் தெரியும். அந்தக் குளிர்காலத்தில் பிரஸ்டனுக்கு வெளியே ஒரு கிடங்கில் பகுதிநேர வேலை பார்த்தேன். நான்கு மாதத்தில் மூன்று சூப்பர்வைசர்கள். முதலாமவர் நல்லவர், இரண்டாமவர் கடுகடுப்பு, மூன்றாமவர் எப்படி என்று தெரிவதற்குள் போய்விட்டார். யார் வந்தாலும் என் ஓவர்டைம் தாள் மட்டும் மேசையிலேயே கிடந்தது. அதில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆறு வாரத் தாள்கள். கடைசியில் கணக்குப் பிரிவில் ஒரு அம்மா தன் பொறுப்பில் எடுத்துப் போய்ப் பணம் வாங்கிக் கொடுத்தார். சூப்பர்வைசரை மாற்றியதால் அந்தத் தாள் நகரவில்லை தம்பி. பிளாக்பர்னிலும் அப்படித்தான் என்பதே என் கட்சி.

ஜனவரி 16

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஷாவைப் பற்றி நான் அவசரப்பட்டு எதுவும் சொல்லிவிடவில்லை என்று நினைக்கிறேன். நீதிமன்றம் அவர் கையெழுத்தைச் செல்லாது என்று சொல்லவில்லை, அதையும் சேர்த்துப் படியுங்கள். பிரஸ்டன் கிளப்பின் தலைவராக முன்பு இருந்தவர் என்பதால் எங்கள் ஊரில் அவரைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து உண்டு. அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

ஜனவரி 18

"முதலாளிகளை மட்டும் திட்டுகிறீர்களே, அவர்கள் பணம் போடவில்லையா?" என்று ஒரு அண்ணன் காரமாகக் கேட்டிருக்கிறார்.

போட்டார்கள். ரோட்ஸுக்கு 8 மில்லியன் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அதன்பிறகும் வருடா வருடம் விழுந்த நஷ்டத்தை அடைத்தது அவர்கள் பணம்தான். இதை நான் 2013-ல் சொல்லியிருக்க மாட்டேன். அப்போது எனக்கு அவர்கள் போனால் போதும். பிறகு 2019 ஆகஸ்டில் பக்கத்து ஊரான பரி கிளப் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டதைப் பார்த்தேன். நூற்று முப்பது வருடத்துக்கு மேற்பட்ட கிளப், பணம் இல்லாததால் ஒரு சீசன் தொடங்கும்போதே காணாமல் போனது. அன்று யோசித்தேன், பிளாக்பர்னுக்கு அந்த நிலை வராததற்கு அந்தப் புனே பணமும் ஒரு காரணம் என்று.

ஆனாலும் அண்ணா, பணம் போடுவதும் நடத்துவதும் வேறு வேறு. ஜாக் வாக்கரும் பணம் போட்டார். டால்கிளிஷை உட்காரவைத்துவிட்டு, அவர் சொன்ன ஆளை வாங்கிக் கொடுத்தார். அணியில் யார் ஆடுவது என்று அவர் சொன்னதில்லை என்று அந்த ஊரில் ஒவ்வொருவரும் சொல்வார்கள். இவர்களுக்கு நல்ல எண்ணம் இருந்தது, ஆலோசனை சொல்லச் சரியான ஆள் இல்லை. வீரர்களை டிரெஸ்ஸிங் ரூமில் உட்காரவைத்துக் கோழிக்கால் சாப்பிடும் விளம்பரம் எடுத்தபோதே அது தெரிந்தது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதைப் பார்க்கும் ரசிகருக்கு எப்படி வலிக்கும் என்று பக்கத்திலிருந்து எடுத்துச்சொல்ல ஒருவர் இல்லை.

ஜனவரி 18, இரவு

2017-லும் இறங்கினார்களே என்று நினைவுபடுத்தியவருக்கு நன்றி. ஆமாம், மூன்றாம் அடுக்குக்கு. கோல் வித்தியாசத்தில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் தப்பித்தது. அதுவும் மே 7. கோழி மைதானத்துக்குள் வந்த அதே தேதி.

ஜனவரி 21

கடைசியாகப் போயர். கேள்வி கேட்ட தம்பிக்கு இதுதான் நேர் பதில்.

ரிசர்வ் பையன்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அப்பா இயன் போயர் ஃபாரஸ்டில் ஐரோப்பியக் கோப்பை வென்றவர், ஆனால் மகன் அதைச் சொல்லித் திரிபவர் இல்லை. மார்ச் 19-ல் இரண்டாம் முறை பொறுப்பு கைக்கு வந்தபோது அணி கீழ் நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது. அந்த வருடம் சாம்பியன்ஷிப் எவ்வளவு நெருக்கம் என்றால், 54 புள்ளி எடுத்த பீட்டர்பரோ இறங்கியது. பிளாக்பர்ன் 58, 17-ஆவது இடம். நான்கே புள்ளி!

அவர் பெரிய தந்திரம் எதுவும் செய்யவில்லை. நான் பார்த்த வரையில், வீரர்களை அவரவர் இடத்தில் நிறுத்தினார், பந்தை ரோட்ஸிடம் சேர்க்கச் சொன்னார். ரோட்ஸ் அந்த சீசனில் லீக்கில் மட்டும் 27 கோல். அணி அடித்ததில் ஏறக்குறைய பாதி. ஐந்து பேர் வந்துபோன வருடத்தில் ரோட்ஸ் மட்டும் யார் மேனேஜர் என்றே கேட்காதவர் மாதிரி அடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாளும் அவர் கையை விரித்து யாரையும் குறை சொன்னதை நான் பார்க்கவில்லை.

மே மாதக் கடைசியில் போயருக்கு நிரந்தரமாகக் கொடுத்தார்கள். அடுத்த சீசன் எட்டாவது இடம், மேல் அடுக்குக்குப் போவதற்கான பிளே-ஆஃப் இரண்டே புள்ளியில் தவறியது. அதற்கடுத்து ஒன்பதாவது. 2015 நவம்பர் வரை இருந்தார். அவரிடம் இருந்தது புதுசாக வந்த ஆளின் வேகம் இல்லை, ஏற்கெனவே இருந்த ஆளின் பழக்கம். எந்தப் பையனுக்கு முழங்கால் வலி, யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். "சரியான ஆள் கிடைக்கும்வரை மாற்றிப் பார்க்கலாம்" என்கிறீர்கள். அவர் செப்டம்பரிலேயே அங்கேதான் இருந்தார். அவரைக் கண்டுபிடிக்க 2.25 மில்லியனும் ஆறு மாதமும் செலவாயின.

ஜனவரி 22

ஒரு சின்னத் திருத்தம். மில் ஹில் ஸ்டேஷனிலிருந்து மைதானத்துக்கு நடக்க எவ்வளவு நேரம் என்று கேட்ட நண்பருக்குத் தனியாகப் பத்து நிமிடம் என்று பதில் அனுப்பினேன். அது என் அப்போதைய கால்கள். இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், கையில் குடை இருக்கட்டும். ரிவர்சைடு ஸ்டாண்டில் டிக்கெட் எடுங்கள். பக்கத்தில் யாராவது பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தால், கடைசி ஐந்து நிமிடம் காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.